புது வார்த்தை ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, வெச்சுக்கலாமா விட்டுடலாமா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எழுத்துப்பிழை பாக்கறது தான் எனக்கு வேலை. நாள் பூரா மத்தவங்க எழுதினத படிச்சுட்டே இருப்பேன், அதனால வாரத்துக்கு ரெண்டு மூணு புது வார்த்தையாவது வந்து மாட்டும். அத ஒரு சின்ன நோட்டுல எழுதி வெக்கற பழக்கம் ரொம்ப வருஷமா இருக்கு. இத கேள்விப்பட்டவங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள தான் இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன், எனக்கு தெரிஞ்ச பதிலோட.

எத புது வார்த்தைன்னு சொல்றீங்க? அகராதிய திறந்தா பாதி புதுசா தானே இருக்கும்?

ரெண்டு வகை இருக்குங்க. வாழ்க்கைலயே பாக்காத வார்த்தை ஒண்ணு. இன்னொண்ணு, இருபது தடவ கண்ணுல பட்டும் முன்ன பின்ன இருக்கறத வெச்சு குத்துமதிப்பா புரிஞ்சுக்கிட்டு தாண்டிப் போயிட்டே இருப்போமே, அது. எனக்கு முதல் வகைய விட ரெண்டாவது மேல தான் ஆசை ஜாஸ்தி, ஏன்னா அது ஏற்கனவே நம்மள இருபது தடவ வந்து பாத்துட்டு போயிருக்கு, இருபத்தொண்ணாவது தடவயும் வரும்.

எனக்கு அப்படி இருந்தது "எத்தனித்தான்". "அவன் எழ எத்தனித்தான்"னு கதைல எங்க பாத்தாலும் வரும், நானும் ஏதோ எந்திரிக்கப் போறான் போலன்னு போயிட்டே இருந்தேன். "எத்தனை"க்கும் இதுக்கும் ஏதோ சம்பந்தம்னு வேற ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன் (சிரிக்காதீங்க). ஒரு நாள் உக்காந்து பாத்தா, யத்தனம்னா முயற்சி, அது தமிழ் வாய்க்கு வந்து எத்தனம் ஆச்சு, அதுலேருந்து எத்தனி. அவ்ளோ தான் விஷயம், எத்தனைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

சரி, ஒரு வார்த்தை எனக்கு உபயோகப்படுமான்னு எப்படி முடிவு பண்றது?

நான் ஒரே ஒரு கேள்வி தான் கேப்பேன். இந்த வார்த்தை கைல இல்லாததால போன மாசத்துல எங்கயாவது சுத்தி வளைச்சு பேசினேனா? ஆமான்னு ஒரு இடமாவது ஞாபகம் வந்தா நோட்டுல ஏறும். வரலன்னா வார்த்தை எவ்ளோ அழகா இருந்தாலும் அது விருந்தாளி தான், வீட்டு ஆள் இல்ல.

"மெனக்கெடு"ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அத தூக்கிட்டு அந்த இடத்துல வேற எதாவது போட்டுப் பாருங்க. "சிரமம் எடுத்து வந்தாரு", "கஷ்டப்பட்டு வந்தாரு", "வேலைய விட்டுட்டு வந்தாரு", எதுவும் சரியா உக்காராது. "மெனக்கெட்டு வந்தாரு"ன்னா அவருக்கு வேற வேலை இருந்துச்சு, வரணும்னு கட்டாயம் இல்ல, ஆனாலும் வந்தாரு, மூணும் அதுக்குள்ள இருக்கு. அதே வார்த்தைய "இதுக்குப் போயி யாராவது மெனக்கெடுவாங்களா"ன்னு திருப்பினா வீண் வேலைன்னு ஆயிடும். வினைக்கேடு, அதாவது வேலை கெட்டுப்போறதுலேருந்து வந்த வார்த்தை அது, அந்த பழைய வாசனை இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கறதால தான் பாராட்டுக்கும் வருது கிண்டலுக்கும் வருது. வேற வார்த்தைய வெச்சு ரொப்ப முடியாத இடத்த இப்படி ஒரு வார்த்தை ரொப்புச்சுன்னா அத கேள்வியே கேக்காம வெச்சுக்கலாம்.

இன்னொண்ணு அவதானிப்பு. "கவனிச்சேன்" இருக்கும்போது இது எதுக்குன்னு தான் முதல்ல எனக்கும் தோணுச்சு, ஏதோ பெரிய மனுஷத்தனமா எழுதறாங்கன்னு. ஆனா கவனிக்கறதுங்கற வார்த்தைக்கு ஏகப்பட்ட வேலை. நோயாளிய கவனிச்சுக்கறதும் அது தான், பாடத்த கவனிக்கறதும் அது தான், "கவனிக்க வேண்டிய விதத்துல கவனிச்சா" காரியம் நடக்கும்னு சொல்றமே அதுவும் அது தான். ஒருத்தர் ஓரமா நின்னு எதையும் தொடாம பாத்துட்டு மட்டும் இருந்தாருன்னு சொல்லணும்னா "கவனிச்சாரு" போட்டா குழப்பம் வரும், "அவதானிச்சாரு" போட்டா வராது. பேச்சுல வேணாம், எழுதும்போது வேணும்.

அர்த்தம் தெரிஞ்சா போதாதா?

படிக்கறதுக்கு போதும். எழுதறதுக்கும் பேசறதுக்கும் போதாது, ஏன்னா ஒவ்வொரு வார்த்தைக்கும் கூட்டாளிங்க இருக்காங்க. மழை கொட்டும், வெயில் கொளுத்தும், காத்து வீசும். வெயில் கொட்டாது, காத்து கொளுத்தாது. ஏன்னு கேட்டா பதில் கிடையாது, பழக்கம், அவ்ளோ தான். மழைய கனமழைன்னு சொல்லலாம், வெயில கனவெயில்னு சொன்னா பாக்கறவன் ஒரு மாதிரி பாப்பான்.

எத்தனிக்கும் அப்படித்தான், அது தனியா வராது. முன்னாடி இன்னொரு வினைய கையப் புடிச்சு கூட்டிட்டு தான் வரும், எழ எத்தனித்தான், பேச எத்தனித்தாள். "அவன் வேலையை எத்தனித்தான்"னு ஒரு தடவ ஒருத்தர் எழுதியிருந்தத நான் திருத்தியிருக்கேன், அகராதில முயற்சின்னு போட்டிருக்கறத நம்பி முயற்சி வர்ற இடத்துல எல்லாம் இத தூக்கிப் போட்டுட்டாரு, பாவம். அதனால நோட்டுல எழுதும்போது வார்த்தைய மட்டும் எழுதாதீங்க, அது வந்த வாக்கியத்தோட எழுதுங்க. அர்த்தத்த கூட எழுத வேணாம்னு சொல்வேன், வாக்கியம் இருந்தா அர்த்தம் தானா திரும்ப வரும்.

இங்கிலீஷ் வார்த்தைக்கும் இதே கதை தான். அங்க மழைக்கு ஹெவி, காத்துக்கு ஸ்ட்ராங், மாத்திப் போட்டா இலக்கணப்படி தப்பே இல்லன்னாலும் கேக்கறவங்களுக்கு இடிக்கும்.

எந்த அகராதிய பாக்கறது?

ரெண்டு வேணும், ரெண்டும் வேற வேற வேலைக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் 1924லேருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, பின்னிணைப்பு 1939ல, 1 லட்சத்துக்கும் மேல வார்த்தை இருக்கு. அதுல ஒரு வார்த்தைக்கு சங்க காலத்து அர்த்தம், நடுவுல வந்த அர்த்தம், பேச்சு வழக்கு எல்லாம் வரிசையா இருக்கும், எது இன்னிக்கு உயிரோட இருக்குன்னு புதுசா பாக்கறவனுக்கு சட்டுனு தெரியாது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, முதல் பதிப்பு 1992, இன்னிக்கு நாம எழுதற தமிழுக்கு போட்டது, எடுத்துக்காட்டு வாக்கியமும் குடுத்திருப்பாங்க. வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க லெக்சிகன், யூஸ் பண்ணலாமா வேணாமான்னு முடிவு பண்ண க்ரியா. முதல்ல க்ரியாவ பாருங்க, அதுல இல்லன்னாலே அது ஒரு பதில் மாதிரி.

அகராதி அர்த்தமும் ஆளுங்க சொல்ற அர்த்தமும் வேற வேறயா இருந்தா?

ஆளுங்க பக்கம் நில்லுங்க. நாற்றம்னா ஒரு காலத்துல நறுமணம், இன்னிக்கு ஒருத்தர் கிட்ட போயி உங்க மேல நாற்றம் அடிக்குதுன்னு சொல்லிட்டு சங்க இலக்கியத்த மேற்கோள் காட்டினா அடி விழும்.

எனக்கு ரொம்ப புடிச்சது எதேச்சை. "எதேச்சையா பாத்தேன்"னா தற்செயலா பாத்தேன்னு அர்த்தம், எல்லாருக்கும் தெரியும். ஆனா மூல வார்த்தை யதேச்சை, அதாவது இஷ்டப்படி, மனசு போன போக்குல. இஷ்டப்படி நடக்கறது எப்படி தற்செயலா நடக்கறதா மாறுச்சு? யோசிச்சா புரியும், எந்த திட்டமும் இல்லாம மனம் போன போக்குல போறவன் கண்ணுல படறது எல்லாம் தற்செயல் தானே. வேடிக்கை என்னன்னா எதேச்சாதிகாரம்ங்கற வார்த்தைல பழைய அர்த்தம் அப்படியே உறைஞ்சு கிடக்கு, இஷ்டப்படி அதிகாரம் பண்றது. தற்செயலா அதிகாரம் பண்றது இல்ல. பிரியாணி பொட்டலம் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வந்த சொந்தக்கார வார்த்தைங்க, ரெண்டு வேற வேற திசைல போயிடுச்சு. இது தெரிஞ்சப்புறம் ரெண்டையும் எனக்கு மறக்கவே இல்ல.

கையறுநிலையும் இப்படித்தான். பழைய இலக்கணத்துல அது ஒரு துறையோட பேரு, ஆதரிச்ச தலைவன் செத்ததும் புலம்பி பாடற பாட்டு. இப்போ "கையறு நிலையில் நிற்கிறோம்"னா எதுவும் செய்ய வழியில்லாம நிக்கறோம்னு அர்த்தம், யாரும் சாக வேண்டியதில்ல. இன்னிக்கு எழுத நினைக்கறவங்களுக்கு ரெண்டாவது அர்த்தம் போதும்.

பக்கத்து மொழிலயும் அதே வார்த்தை இருந்தா ஈஸி தானே?

இங்க தான் மாட்டிப்பீங்க. அவசரம்னு தமிழ்ல சொன்னா வேகமா நடக்கணும். தெலுங்குல அவசரம்னா தேவை. மலையாளத்துல வாய்ப்பு. ஒரே வார்த்தை, மூணு வீட்டுல மூணு வேலை. ஆதங்கம் இன்னும் மோசம், நாம மனக்குறைக்கு சொல்றோம், இந்தில அது பயங்கரம், ஆதங்க்வாத்ன்னா தீவிரவாதம். "எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு"ன்றத வார்த்தைக்கு வார்த்தை அங்க கொண்டு போனீங்கன்னா பேச்சே வேற பக்கம் போயிடும். தெரிஞ்ச முகமா இருக்கேன்னு நம்பாம, இந்த மாதிரி வார்த்தைய தான் முதல்ல நோட்டுல ஏத்தணும்.

ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை கத்துக்கலாம்?

தினம் ஒரு வார்த்தைன்னு காலண்டர் மாதிரி கிழிக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. யாரோ எடுத்து குடுத்த வார்த்தைக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் நடக்கல, அதனால சாயங்காலத்துக்குள்ள போயிடும்.

எண்ணிக்கைய விட எந்த வார்த்தைங்கறது தான் முக்கியம். எந்த பெரிய எழுத்துத் தொகுப்ப எடுத்து எண்ணினாலும் கொஞ்சூண்டு வார்த்தைங்க தான் மறுபடி மறுபடி வரும், மீதி கூட்டம் எப்பவாவது வரும், வேற வேற வார்த்தையா எண்ணினா அதுல கிட்டத்தட்ட பாதி ஒரே ஒரு தடவ தலைய காட்டிட்டு போயிடும். ஜார்ஜ் ஜிப்ஃப்னு ஒரு மொழியியலாளர் பேர்ல இந்த கணக்க சொல்வாங்க, ரெண்டாவது இடத்துல இருக்கற வார்த்தை முதல் வார்த்தைல பாதி தடவ, மூணாவது மூணுல ஒரு பங்கு, இப்படியே சரிஞ்சுட்டே போகும். இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்காக மைக்கேல் வெஸ்ட் 1953ல சுமார் 2000 வார்த்தைல ஒரு பட்டியல் போட்டாரு, அதுக்கப்புறம் 2000ஆம் வருஷம் ஆவ்ரில் காக்ஸ்ஹெட் கல்லூரிப் படிப்புக்கான எழுத்துக்கள்ல (பாடப்புத்தகம், ஆய்வுக் கட்டுரை மாதிரி) அடிக்கடி வர்றதா பாத்து 570 வார்த்தைக் குடும்பம் (ஒரே வேர்லேருந்து வந்த வார்த்தைங்க எல்லாம் சேந்தா ஒரு குடும்பம்) எடுத்தாங்க. ஆரம்பத்துல இருக்கறவங்க இந்த மாதிரி பட்டியல புடிச்சு போறது புத்திசாலித்தனம், அங்க என்னோட "சுத்தி வளைச்சு பேசினேனா" கேள்வி எல்லாம் தேவையே இல்ல, எல்லாமே தேவைப்படும். பட்டியல் தீந்தப்புறம் தான் தேர்ந்தெடுக்கற வேலையே ஆரம்பிக்குது.

போட்டித் தேர்வுக்கு படிக்கறேன், இது எனக்கு ஒத்து வருமா?

வராது. உங்களுக்கு எது உபயோகம்னு கேள்வித்தாள் போடறவர் முடிவு பண்ணிட்டாரு. பழைய கேள்வித்தாள பாத்து மனப்பாடம் பண்ணுங்க, பாஸ் ஆனதும் திரும்பி வாங்க.

கத்துக்கிட்டது ரெண்டு நாள்ல மறந்து போகுதே?

எல்லாருக்கும் தான். ஹெர்மன் எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகள உருவாக்கி, தன் மேலயே சோதனை பண்ணி, மறதி எப்படி நடக்குதுன்னு 1885ல புத்தகம் போட்டாரு. முதல் சில மணி நேரத்துல மடமடன்னு போகும், அதுக்கப்புறம் மிச்சம் இருக்கறது மெதுவா தான் போகும். அதனால ஒரே நாள்ல முப்பது தடவ எழுதறத விட, அதே வேலைய நாலஞ்சு நாளா பிரிச்சு வெச்சா நிக்கும். 1972ல செபாஸ்டியன் லைட்னர் சொன்ன பெட்டி முறை இதுக்கு தான், அட்டைல எழுதி, சரியா சொன்னா அடுத்த பெட்டி, அத கொஞ்சம் லேட்டா எடுத்துப் பாக்கணும், தப்பா சொன்னா திரும்ப முதல் பெட்டி. இன்னிக்கு போன்ல இருக்கற அட்டை செயலி எல்லாம் அடிப்படைல இதே தான் பண்ணுது.

நான் அட்டை எல்லாம் போடறதில்ல, சோம்பேறி. நோட்டுல வார்த்தைக்கு பக்கத்துல ஒரு கோடு போட இடம் விட்டிருப்பேன். அது மறுபடி எங்கயாவது கண்ணுல பட்டா ஒரு கோடு, நானே யூஸ் பண்ணிட்டா ஒரு வட்டம். ஒரு வருஷம் ஆகியும் கோடும் இல்ல வட்டமும் இல்லன்னா அடிச்சுடுவேன். கோடு நிறைய, வட்டம் இல்லன்னா அது படிக்கறதுக்கு மட்டும் வேண்டிய வார்த்தை, அதுவும் நல்லது தான், எல்லா வார்த்தையும் வாய்ல வந்தே ஆகணும்னு சட்டமா இருக்கு.

பேச்சுல யூஸ் பண்ணினா கிண்டல் பண்றாங்களே?

பண்ணுவாங்க, எனக்கும் நடந்துச்சு. எத்தனி கத்துக்கிட்ட புதுசுல ஒரு பிரெண்ட் கிட்ட, "நேத்து உனக்கு போன் பண்ண எத்தனிச்சேன்டா, அதுக்குள்ள நீயே கூப்ட்டுட்ட"ன்னு சொல்லிட்டேன். ஒரு ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் "யார்ரா நீ"ன்னான். அதுலேருந்து எப்ப போன் பண்ணாலும் எடுத்ததும் "சொல்லு, எதுக்கு எத்தனிச்ச"ன்னு தான் ஆரம்பிப்பான்.

தப்பு வார்த்தை மேல இல்ல, இடத்து மேல. அந்த வேலைய பேச்சுல "பண்ணப் போனேன்" ரெண்டு வார்த்தைல கச்சிதமா முடிக்குது, அங்க காலி இடமே இல்ல, நான் வலுக்கட்டாயமா நாற்காலி போட்டேன். எழுத்துல "எழப் போனான்"னு போட்டா எழுந்து எங்கயோ போனான்னு படிக்க வாய்ப்பிருக்கு, அங்க எத்தனித்தானுக்கு வேலை இருக்கு. மெனக்கெடு, கரிசனம், அங்கலாய்ப்பு மாதிரி வார்த்தைங்க எழுத்துலயும் ஓடும் பேச்சுலயும் ஓடும், ஆரம்பிக்கறவங்க அந்த மாதிரி வார்த்தையா பாத்து எடுத்தா பிரெண்டு மிஞ்சுவான்.

புதுசா உருவாக்கற கலைச்சொற்கள் எல்லாம் கத்துக்கணுமா?

நின்ன வார்த்தைய கத்துக்குங்க, நிக்காதத வேடிக்கை பாருங்க. கணினி நின்னுடுச்சு, இணையம் நின்னுடுச்சு, மின்னஞ்சல் நின்னுடுச்சு. அலர்ஜிக்கு ஒவ்வாமைன்னு சொல்றது எவ்ளோ நல்லா உக்காந்திருக்கு பாருங்க, ஒவ்வாதுங்கற வார்த்தை ஏற்கனவே ஊர்ல இருந்துச்சு, அதனால யாரும் சொல்லிக்குடுக்காமலே புரியுது. ஆனா செல்ஃபிக்கு தம்படம், தற்படம், சுயமின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, மூணு பேரும் மோதிக்கிட்டு இருக்கும்போதே மக்கள் செல்ஃபிலயே இருந்துட்டாங்க. செயலி இன்னொரு ரகம், ஆப்புக்கும் அது தான், ப்ராசஸருக்கும் அத போடறவங்க இருக்காங்க, ரெண்டும் ஒரே கட்டுரைல வந்தா எனக்கு தலைவலி.

வடமொழி வார்த்தை, இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் கழிச்சுட்டு தான் கத்துக்கணும்னு சொல்றாங்களே?

அது அவங்கவங்க கொள்கை, நான் சண்டைக்கு வரல. தொல்காப்பியத்துலயே சொற்கள இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல்னு நாலா பிரிச்சிருக்கு, அதாவது வெளியேருந்து வந்தது இருக்குன்னு அப்பவே கணக்குல எடுத்துட்டாங்க. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் கூட வந்தது, இன்னிக்கு சாவிய தொலைச்சவன் யாரும் திறவுகோல் எங்கன்னு தேடறதில்ல. என்னோட கேள்வி எப்பவும் ஒண்ணு தான், அந்த இடத்துல வேற வார்த்தை ஏற்கனவே உக்காந்திருக்கா இல்லையா. இருந்தா அத எழுப்பி விட மாட்டேன்.

உபயோகமே இல்ல, ஆனா அழகா இருக்கு. என்ன பண்றது?

நோட்டோட கடைசி பக்கத்துல தனியா எழுதுங்க. என் கடைசி பக்கத்துல ஞிமிறு இருக்கு, வண்டுல ஒரு வகை, ஞிங்கற எழுத்துல ஆரம்பிக்கற வார்த்தை எத்தனை பாத்திருப்பீங்க சொல்லுங்க. அத மிஞிறுன்னும் எழுத்து மாத்திப் போட்டு சொல்லுவாங்க, ரெண்டும் சரி. பூ உதிர்ந்தா வீ, வாடிப்போனா செம்மல். எதையும் நான் யூஸ் பண்ணப் போறதில்ல, வட்டமும் விழாது, ஆனா அடிக்கவும் மனசு வரல.

இப்போ உங்க நோட்டுல என்ன ஓடுது?

காத்திரமான. இலங்கைத் தமிழர்கள் எழுதறதுல அடிக்கடி பாக்கறேன், காத்திரமான விமர்சனம், காத்திரமான பங்களிப்புன்னு, கனமான, சத்தான, ஒப்புக்கு செஞ்சது இல்லன்னு எல்லாம் சேந்த மாதிரி. ஏழு கோடு விழுந்திருக்கு, வட்டம் இன்னும் இல்ல. கனமானன்னு சொன்னா எடைன்னு நினைப்பாங்களோன்னு தோணற இடம் ஒண்ணு வந்தா எடுத்துடுவேன்னு நினைக்கறேன்.

விழுமியம் மூணு வருஷமா கிடக்கு. எங்க பாத்தாலும் மேடைப் பேச்சுலயும் தலையங்கத்துலயும் தான் வருது, எனக்கு அத சொல்ல வேண்டிய அவசியம் இதுவரைக்கும் வரல.

வாளாவிருத்தல்னு ஒண்ணு இருந்துச்சு, ஒண்ணும் பண்ணாம, ஒண்ணும் சொல்லாம இருக்கறது. போன வாரம் அடிச்சுட்டேன். சும்மா இருக்கும்போது அது எதுக்கு.